ஸ்கேன் நார்மல் என்றால் நோயே இல்லையா?

அல்லி | பதிவு 1

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 26 வயது. எட்டு மாதமாக மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுகிறான். நடுவில் தலைவலி அதிகமானதால் நரம்பியல் மருத்துவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். நேற்று ரிப்போர்ட் வந்தது. அப்பா நின்றபடியே கடைசி வரியை உரக்கப் படித்தார்: மூளையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. படித்துவிட்டு, "பாத்தியா, ஒண்ணுமே இல்லையாம். எல்லாம் நீயா நினைச்சுக்கிறது. நாளைலேர்ந்து எழுந்து வேலையைப் பாரு" என்றார்.

அப்பா கெட்டவர் இல்லை. அந்த வரியைப் படித்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நானும் பார்த்தேன். ஆனால் தம்பி அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். ராத்திரி சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இணையத்தில் மனச்சோர்வு உள்ளவர் மூளை நீலமாகவும் மற்றவர் மூளை சிவப்பும் மஞ்சளுமாகவும் இருக்கும் படங்களைப் பார்க்கிறேன். அப்படியென்றால் இவனுடைய ஸ்கேனில் ஏன் எதுவும் தெரியவில்லை? வேறு நல்ல ஸ்கேன் இருக்கிறதா? அப்பா நம்புகிற மாதிரி ஒன்று கிடைத்தால் போதும்.


காந்தக்கூடம் | பதிவு 2

அல்லி, நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன். பல வருடமாக இந்த அறையிலேயேதான் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் தம்பிக்கு எடுத்தது மூளையின் வடிவத்தைக் காட்டும் ஸ்கேன். தலையை ஒரு கூண்டு மாதிரியான காயிலுக்குள் வைத்து, ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு செருகி, கையில் ஒரு ரப்பர் பல்பைக் கொடுப்போம். பயமாக இருந்தால் அதை அழுத்த வேண்டும். தடதடவென்ற சத்தத்தில் இருபது, முப்பது நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அதில் வரும் படங்களை ரேடியாலஜி மருத்துவர் பார்க்கும்போது தேடுவது கட்டி, ரத்தக் கசிவு, அடைப்பு, வீக்கம், பழைய காயம் இவற்றைத்தான். 'மாற்றம் இல்லை' என்றால் இந்தப் பட்டியலில் எதுவும் இல்லை என்று பொருள். 'இவருக்கு வருத்தம் இல்லை' என்று எழுத அந்த மருத்துவரிடம் வழியே கிடையாது.

நீங்கள் பார்த்த வண்ணப் படங்கள் வேறு வகை. பெட் ஸ்கேனில் கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு ஊசியில் ஏற்றி, மூளையின் எந்த இடம் எவ்வளவு குளுக்கோஸ் எடுக்கிறது என்று அளப்பார்கள். எஃப்எம்ஆர்ஐ அளப்பது ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை. இதற்கு வழி திறந்தது 1990ல் செய்ஜி ஒகாவா கண்டுபிடித்த விஷயம். ஒரு நரம்பணு வேலை செய்வதை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. அந்தப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாக வந்து சேர்வதைப் பார்க்கிறது, அதுவும் ஐந்து வினாடி போலத் தாமதமாக. படத்தில் ஒரு புள்ளி என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனசதுரம். அதற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன.

அப்புறம் அந்த நிறம். மூளைக்குள் நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. எண்களுக்குக் கணினியில் நாம் பூசுவது அது. ஆய்வுகளில் வரும் படம் பெரும்பாலும் பல பேருடைய அளவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டுவது. ஒரு ஆளின் போட்டோ என்று நினைத்து அதைப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.


முகிலன் | பதிவு 3

நான் புள்ளியியல் ஆள். மருத்துவப் பக்கம் என் வேலை இல்லை. ஆனால் 'சராசரி வித்தியாசம்' என்று அண்ணன் சொன்னதை எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

எனிக்மா என்று ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு இருக்கிறது. மனச்சோர்வு உள்ள 1,728 பேரையும் இல்லாத 7,199 பேரையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். அச்சில் வந்தது 2016ல். நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, நோய் உள்ளவர்களுக்குச் சராசரியாக 1.24% சிறியதாக இருந்தது. வித்தியாசம் உண்மையானது, தற்செயல் இல்லை. ஆனால் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். நோய் உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, 'யாருக்குச் சின்னதோ அவர்தான் நோயாளி' என்று சொன்னால் நூற்றுக்குச் சுமார் 54 முறைதான் சரியாக வரும். நாணயம் சுண்டினாலே 50 வருமே.

மனச்சிதைவில் (ஸ்கிசோஃப்ரினியா) வித்தியாசம் கொஞ்சம் பெரிது. 1976லேயே ஈவ் ஜான்ஸ்டோனும் அவருடன் இருந்தவர்களும் சிடி ஸ்கேனில் பார்த்துச் சொன்னார்கள்: நீண்ட காலம் மனச்சிதைவோடு இருந்தவர்களுக்கு மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் பெரிதாக இருந்தன. 'வளர்ப்புதான் காரணம்' என்று பெற்றோரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய செய்தி! அந்த நோயிலும்கூட மேலே சொன்ன விளையாட்டை ஹிப்போகேம்பஸை வைத்து ஆடினால் 63 வரைக்கும்தான் வருகிறது. குழுவைப் பற்றிப் பேச அது போதும். உங்கள் தம்பி ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போதாது.


வெண்பா | பதிவு 4

அப்படியென்றால் இத்தனை வருட ஆராய்ச்சி எதற்கு? கோபமாகத்தான் கேட்கிறேன், மன்னியுங்கள்.

எனக்குப் பதற்ற நோய். மூன்று வருடம் முன்னால் ஒரு தனியார் மையத்தில் ஸ்பெக்ட் ஸ்கேன் (மூளையின் ரத்த ஓட்டத்தைக் காட்டுவது) எடுத்து, வண்ணவண்ணமாக அச்சிட்டுக் கையில் கொடுத்தார்கள். "இதோ பாருங்கள், இந்த இடம் சூடாக இருக்கிறது, அதனால்தான் பதற்றம்" என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் ஒருத்தர் என்னை நம்பினார் என்ற சந்தோஷத்தில் வந்த அழுகை. அவர்கள் கொடுத்த சத்து மாத்திரைப் பட்டியலை ஒரு வருடம் சாப்பிட்டேன். பானிக் அட்டாக் ஒன்றுகூடக் குறையவில்லை. பிறகு பார்த்த மனநல மருத்துவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதை வைத்து என்னால் எதையும் முடிவு செய்ய முடியாதும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு இழந்த அந்த ஒரு வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்?

அல்லி, அப்பாவை நம்பவைக்க இன்னொரு ஸ்கேன் தேடாதீர்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன்.


முகிலன் | பதிவு 5

வெண்பா, உங்கள் கோபம் நியாயமானது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் ஆய்வுக் குழு 2018ல் எழுதியதும் இதையேதான் சொல்கிறது: எந்த மனநோயையும் கண்டறிய வழக்கமான சிகிச்சையில் பயன்படுத்தும் அளவுக்கு மூளைப் படம் எதுவும் இன்னும் தேறவில்லை.

துறைக்குள்ளேயே தங்களைத் தாங்களே உரசிப் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து 'மூளைச் செயல்பாடு' கண்ட 2009 கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியாகச் சோதித்துவிட்டு அதற்கேற்ற திருத்தம் செய்யாவிட்டால் அப்படித்தான் ஆகும். எனக்கு அதைவிடத் தூக்கத்தைக் கெடுத்தது 2020ல் வந்த ஒரு சோதனை. ஒரே எஃப்எம்ஆர்ஐ தரவை 70 குழுக்களிடம் கொடுத்து ஒன்பது கேள்விகளுக்குப் பதில் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. பல கேள்விகளுக்குப் பதிலே மாறி வந்தது. 2022ல் ஸ்காட் மாரெக் குழு சுமார் 50,000 பேருடைய ஸ்கேன்களை அலசிவிட்டு, மூளைக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பை நம்பும்படி சொல்ல ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும் என்றது. அதுவரை வழக்கமான ஆய்வில் இருந்தது இருபத்தைந்து பேர் போல.

இதைச் சொல்வதால் எல்லாம் வீண் என்று ஆகாது. எங்கே பயன்பட்டது என்பதை மருத்துவர் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


தேனீ | பதிவு 6

நான் மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கிறேன். முதலில் அல்லி, ஒரு விஷயம். தம்பியிடம் தனியாக உட்கார்ந்து, வாழ வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அப்படி ஆவதில்லை. 'ஆமாம்' என்றால் அவரைத் தனியே விடாமல் இன்றைக்கே அவருடைய மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள்.

இப்போது வெண்பாவின் கேள்வி. மூளைப் படம் நோயாளிக்கு உண்மையிலேயே நல்லது செய்த இடம் ஒன்று உண்டு, வெளியே அதிகம் பேசுவதில்லை. மருந்தின் அளவு.

ஹாலோபெரிடால் என்பது மனச்சிதைவுக்கான பழைய மருந்து. ஒரு காலத்தில் நாளுக்கு 20, 30 மி.கி., அதற்கு மேலும்கூடக் கொடுத்தார்கள். நோயாளிக்குக் காதில் கேட்கும் குரல்கள் அடங்கும். கூடவே தாடை இறுகும், கை நடுங்கும், ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கால் ஆடிக்கொண்டே இருக்கும். 'மருந்து வேலை செய்கிறது, அதன் விலை இது' என்று நினைத்தார்கள். பெட் ஸ்கேன் வந்த பிறகுதான், மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் எத்தனை சதவீதத்தை மருந்து அடைக்கிறது என்று உயிரோடு இருக்கும் மனிதரிடமே அளக்க முடிந்தது. ஷிதிஜ் கபூரும் அவருடைய குழுவும் 2000ல் வெளியிட்ட ஆய்வில், முதல்முறை நோய் வந்த 22 பேருக்கு நாளுக்கு 1 அல்லது 2.5 மி.கி. மட்டும் கொடுத்துத் தொடங்கினார்கள். ஏற்பிகளில் 65% அடைபட்டால் குணம் தெரியத் தொடங்கியது. 78%ஐத் தாண்டினால் உடல் இறுக்கமும் நடுக்கமும் வந்தன. நடுவில் ஒரு குறுகிய வழி இருக்கிறது, அதற்கு ஒன்றிரண்டு மி.கி.யே பல பேருக்குப் போதும் என்று தெரிந்தது. அந்த அளவைத் தாண்டிக் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் வேதனையைக் கூட்டத்தான் உதவியது. இன்றைக்கு முதல்முறை நோயில் குறைந்த அளவில் தொடங்கச் சொல்வதற்குப் பின்னால் இந்த மாதிரி ஆய்வுகள் இருக்கின்றன.

மனச்சோர்வு மருந்திலும் இதே போல. சிட்டலோபிராம் என்ற மருந்தை 20 மி.கி. எடுத்தாலே, செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் கடத்திகளில் சுமார் 80% அடைபட்டுவிடுகிறது. 40 மி.கி. ஆக்கினால் 86% வரைக்கும்தான் போகிறது. இரட்டிப்பு மருந்து, ஆறு சதவீதம் கூடுதல். இதையே தலைகீழாகப் பாருங்கள். 20லிருந்து 10க்குக் குறைப்பது மூளைக்குச் சின்னப் படி. கடைசி 5 மி.கி.யை ஒரேயடியாக நிறுத்துவதுதான் பெரிய பள்ளம், 60% போல இருந்தது ஒரே நாளில் சரியத் தொடங்கும். 'குறைக்கும்போது நன்றாகத்தானே இருந்தேன், கடைசி மாத்திரையை விட்டதும் தலைசுற்றுகிறதே' என்று வருபவர்களுக்கு இனிமேல் நம்மிடம் விளக்கம் இருக்கிறது. மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019ல் இதை வைத்துத்தான் கடைசிக் கட்டத்தில் மிகச் சின்னப் படிகளாகக் குறைக்கச் சொன்னார்கள். யாரும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகக் குறைக்க வேண்டாம், மருத்துவரிடம் இந்தக் கணக்கைப் பேசுங்கள்.


பூவரசு | பதிவு 7

பல மாதமாகப் படிக்க மட்டும்தான் வருவேன். இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ஓசிடி, அதாவது ஒரே எண்ணமும் ஒரே செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் நோய். கதவைப் பூட்டிவிட்டுப் பதினேழு முறை இழுத்துப் பார்ப்பேன். சிகிச்சையில் ஒரே ஒருமுறை பூட்டிவிட்டு, பூட்டிலிருந்து கையை எடுத்து, படிக்கட்டில் உட்காரச் சொன்னார் என் மனநல ஆலோசகர். நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வேர்க்கும், திரும்பிப் போ என்று ஒவ்வொரு நொடியும் கத்தும். போகாமல் உட்கார வேண்டும். முதல் நாள் நாற்பது நிமிடம் ஆனது அடங்க. ஏழெட்டு வாரத்தில் ஐந்து நிமிடமாகக் குறைந்தது.

என் மாமா, "வெறும் பேச்சுதானே, மூளை நோய்க்குப் பேச்சு என்ன செய்யும்" என்கிறார். அப்படி ஏதாவது ஸ்கேனில் பார்த்திருக்கிறார்களா டாக்டர்?


தேனீ | பதிவு 8

பூவரசு, பார்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது.

லூயிஸ் பாக்ஸ்டர் குழு, 1992. ஓசிடி உள்ளவர்களில் ஒரு குழுவுக்கு ஃபுளுவாக்ஸெட்டின் மாத்திரை, இன்னொரு குழுவுக்கு நீங்கள் படிக்கட்டில் உட்கார்ந்தீர்களே அதே வகை நடத்தைச் சிகிச்சை, மருந்தே இல்லாமல். சுமார் பத்து வாரம் கழித்து மறுபடியும் பெட் ஸ்கேன். காடேட் என்ற பகுதியின் வலப்பக்கம், குணம் தெரிந்தவர்களுக்குக் குளுக்கோஸ் பயன்பாடு குறைந்திருந்தது. மாத்திரையில் தேறியவர்களுக்கும் சரி, நடத்தைச் சிகிச்சையில் தேறியவர்களுக்கும் சரி. மிகச் சின்ன ஆய்வுதான், முகிலன் முறைப்பார். ஆனாலும் 'மாத்திரை மூளைக்கு, பேச்சு மனசுக்கு' என்ற கோட்டை முதலில் கலைத்ததில் இதற்குப் பங்கு உண்டு. படிக்கட்டில் உட்கார்ந்த அந்த நாற்பது நிமிடமும் உங்கள் மூளைக்குள் நடந்த வேலைதான். மாமாவிடம் சொல்லுங்கள்.


வெண்பா | பதிவு 9

இதைப் படிக்கும்போது மனசு கொஞ்சம் இளகுகிறது. காந்தத் தூண்டல் சிகிச்சைக்கு ஸ்கேன் பார்த்து இடம் குறிக்கிறார்கள் என்கிறார்களே, அது நிஜமா? இன்னொரு முறை ஏமாற எனக்குத் தெம்பு இல்லை.


தேனீ | பதிவு 10

நிஜம்தான், ஆனால் முழுக்கதையும் கேளுங்கள்.

டிஎம்எஸ், அதாவது காந்தத் தூண்டல் சிகிச்சையில் பழைய முறை இது: தலையில் காந்தச் சுருளை நகர்த்திக்கொண்டே போய், எந்த இடத்தில் வைத்தால் எதிர்க் கையின் கட்டைவிரல் துடிக்கிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து 5 செ.மீ. முன்னால் வைப்பார்கள். எல்லோருக்கும் அதே 5 செ.மீ. தலை பெரியவர், சிறியவர் என்ற வித்தியாசமே இல்லாமல்.

இன்னொரு பக்கம் ஹெலன் மேபெர்க், நெற்றிக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் 25ஆம் பகுதி சோகத்தோடு சேர்ந்து இயங்குவதைப் படங்களில் பார்த்து, அங்கே மின்முனை வைத்துப் பார்த்த ஆய்வைத் தன் குழுவோடு 2005ல் வெளியிட்டார். எதற்கும் அசையாத மனச்சோர்வு இருந்த ஆறு பேரில் நான்கு பேர் ஆறு மாதத்தில் தேறினார்கள். உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு 90 பேரை வைத்து நடந்த பெரிய சோதனையில், மின்சாரம் ஓடியவர்களுக்கும் ஓடாதவர்களுக்கும் ஆறு மாதத்தில் சொல்லும்படியான வித்தியாசமே வரவில்லை. மேபெர்க் விட்டுவிடவில்லை, மின்முனை எந்த நரம்புக் கட்டுகளைத் தொட வேண்டும் என்று தொடர்ந்து தேடினார்.

அந்த ஆழமான பகுதியோடு எதிர்த்திசையில் இயங்கும் மேல்பகுதி ஒவ்வொருவருக்கும் எங்கே என்று எஃப்எம்ஆர்ஐயில் தேடி, அங்கே காந்தத்தை வைப்பது ஸ்டான்ஃபோர்டு முறை. நாளுக்குப் பத்து அமர்வு, ஐந்து நாள். 2022ல் அச்சான சோதனையில் உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 79% பேருக்கு நோய்க்குறி அடங்கியது, போலித் தூண்டல் பெற்றவர்களில் 13% பேருக்கு. ஆனால் மொத்தமே 29 பேர். குணம் வந்தது ஸ்கேன் இடம் காட்டியதாலா, ஐந்து நாளில் நெருக்கிக் கொடுத்ததாலா என்று அதில் பிரிக்க முடியாது. 2024ல் இங்கிலாந்தில் 255 பேரை வைத்து, மூளை இணைப்பைப் பார்த்துக் குறிவைத்த முறையையும் வழக்கமான முறையையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் மக்கள் தேறினார்கள், ஒன்றைவிட ஒன்று மேல் என்று வரவில்லை.

ஆக, டிஎம்எஸ் நல்ல சிகிச்சை, உங்களுக்குப் பொருந்தினால் எடுங்கள். 'உங்கள் மூளைக்கென்றே தனி வரைபடம், அதனால் நிச்சயம் குணம்' என்று யாராவது உறுதி சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.


அல்லி | பதிவு 11

எல்லோருக்கும் நன்றி. டாக்டர், நேற்று இரவு தம்பியிடம் கேட்டேன். செத்துப்போகிற எண்ணம் இல்லை என்றான். "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாதுன்னு மட்டும் தோணுது" என்றான். உடனே அவனுடைய மருத்துவருக்குப் போன் செய்து அதை அப்படியே சொல்லிவிட்டேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை அவனைத் தனியாக விட வேண்டாம் என்றும் சொன்னார், நாங்கள் கூடவே இருக்கிறோம்.

அப்பாவிடம் 1.24% கதையைச் சொன்னேன். இப்போது அவர் வேறு மாதிரிப் பயப்படுகிறார். "அப்போ இவன் மூளை சுருங்கிடுச்சா? இனிமே திரும்பாதா?" என்று.


முகிலன் | பதிவு 12

ஐயோ, அது என் தப்பு. அந்த எண் குழுவின் சராசரி, தம்பியின் மூளை சுருங்கிவிட்டது என்று அதிலிருந்து சொல்லவே முடியாது. எது முதலில் வந்தது என்றும் அது சொல்லாது. வியட்நாம் போருக்குப் போய்வந்து அதிர்ச்சி நோயால் தவித்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சிறியதாக இருப்பதைப் பார்த்து, போர் அதைச் சுருக்கிவிட்டது என்றுதான் பலர் நினைத்தார்கள். 2002ல் மார்க் கில்பர்ட்சன் குழு, போருக்கே போகாத அவர்களுடைய ஒரே கரு இரட்டைச் சகோதரர்களை ஸ்கேன் எடுத்தது. அவர்களுக்கும் அதே போலச் சிறியதாக இருந்தது. பலருக்கு அந்த அளவு போருக்கு முன்னாலேயே இருந்ததுதான் போல. ஒரு படத்தைப் பார்த்து 'நோய் இதைச் செய்துவிட்டது' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இரட்டையர்கள்தான் ஞாபகம் வருவார்கள்.


காந்தக்கூடம் | பதிவு 13

அல்லி, அப்பாவிடம் எண்ணெல்லாம் வேண்டாம்மா. உங்கள் வீட்டில் யாருக்காவது மைக்ரேன் உண்டா? மைக்ரேன் உள்ளவர்களை நான் எத்தனையோ பேரை ஸ்கேன் எடுத்திருக்கிறேன். விளக்கை அணைக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள், மேசையிலேயே வாந்தி எடுத்தவர்கள் உண்டு. பெரும்பாலும் ரிப்போர்ட் நார்மல்தான். அந்த வலி பொய் என்று யாராவது சொல்வோமா? வலிப்பு நோய் உள்ள பலருக்கும் எம்ஆர்ஐ சுத்தமாக இருக்கும்.

அதோடு இந்த ஸ்கேன் வீண் என்றும் நினைக்காதீர்கள். தலைவலிக்குக் கட்டி காரணமில்லை என்று தெரிந்ததே, அது நல்ல செய்தி. ஒருவருடைய நடத்தை சில நாளில் திடீரென்று தலைகீழாக மாறினாலோ, வலிப்பு வந்தாலோ, ஆள் இடம் தெரியாமல் குழம்பினாலோ, வயதான பிறகு முதல்முறையாக மனநோய் வந்தாலோ ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். மூளையைத் தன் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்கும் ஒரு நோயை 2007ல் ஜோசெப் டால்மாவ் குழு விவரித்தது. பார்க்க அப்படியே மனநோய் மாதிரி இருக்கும். அதில்கூட எம்ஆர்ஐ பல பேருக்கு நார்மலாக வரும், முதுகுத்தண்டு நீரைச் சோதித்துத்தான் பிடிக்க வேண்டும்.


அல்லி | பதிவு 14

அம்மாவுக்கு இருபது வருடமாக மைக்ரேன் அண்ணா. அந்த நாட்களில் அப்பாதான் திரைச்சீலையை இழுத்துவிட்டு, எங்களைச் சத்தம் போடாதீர்கள் என்று அதட்டுவார். நீங்கள் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

இன்றைக்குச் சாயங்காலம் தம்பி ஸ்கேன் சிடியைக் கேட்டான். மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல எங்கப்பா இருக்கு?" என்று தம்பி கேட்டான்.

"இதுல தெரியாதாம்டா" என்றார் அப்பா. "வியாழக்கிழமை நானும் வரேன்."